தலைவாசல் கதவுக்கு ஒரு பேரேடு

83, 13. இங்கிலாந்தில் மரபுக் காப்புப் பகுதிக்குள் வீடு வைத்திருப்பவர் முன்கதவை மாற்ற நினைத்தால் முதலில் பார்க்க வேண்டிய எண்கள் இவை. 2009-ல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு கவுன்சில்களிடம் தகவல் திரட்டி, இந்தப் பகுதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுத்தது. பொருந்தாத கதவும் சன்னலும் முகத்தைக் கெடுத்திருந்த பகுதிகள் நூற்றுக்கு 83. கவனிப்பாரற்ற சாலையும் நடைபாதையும் 60, தெருவை அடைத்து நிற்கும் கம்பங்களும் பலகைகளும் 45, டிஷ் ஆன்டெனா 38. அதாவது, கெடுத்தவற்றில் முதலிடம் கதவுக்கும் சன்னலுக்கும்தான். அவற்றைத் தடுக்கக்கூடிய தனி ஆணையைக் கவுன்சில் பிறப்பித்திருந்த பகுதிகளோ நூற்றுக்கு 13.

காப்புப் பகுதி என்றாலே ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும் என்று நம்மவர் பலர் நம்புகிறார்கள். வீடு விற்கும் ஏஜென்ட் பேசும் தொனியே அந்தப் பயத்தைக் கிளப்பிவிடும். சட்டம் சொல்வது வேறு. 1967-ல் வந்த குடிமை வசதிகள் சட்டம்தான் இந்தப் பகுதிகளுக்கு வித்திட்டது. அதே ஆண்டு லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டு நகரம் முதல் பகுதியானது. இன்று ஏறக்குறைய 10,000 இருக்கின்றன. இப்போது நடப்பில் உள்ள 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, பகுதியின் இயல்பையும் தோற்றத்தையும் காக்கவோ மேம்படுத்தவோ தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அது கவுன்சில் தலையில் வைத்த கடமை. வீட்டுக்காரர் கையைக் கட்டுவதற்கு வேறு கயிறு வேண்டும்.

வீட்டுக்காரருக்கு 2015-ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஆணை இருக்கிறது. அதன் முதல் பகுதி, ஏ வகுப்பின்படி, தனி வீட்டில் செய்யும் பல மாற்றங்களுக்கு விண்ணப்பமே தேவையில்லை. காப்புப் பகுதியில் அந்தச் சலுகை சுருங்கும்: சுவருக்கு மேல் கல்லோ பலகையோ பதிக்கக் கூடாது, பக்கவாட்டில் இழுத்துக் கட்டக் கூடாது, பின்னால் ஒரு மாடிக்கு மேல் நீட்டக் கூடாது. கதவு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே நிபந்தனை, புதிய பொருள் பழைய வீட்டின் வெளித்தோற்றத்தை ஒத்திருக்க வேண்டும். மரத்துக்கு மரமே வேண்டும் என்று அது கேட்கவில்லை. பார்வைக்கு ஒத்துப்போனால் போதும். யூபிவிசி பிளாஸ்டிக் கதவு விற்பவர்கள் இத்தனை காலம் பிழைத்தது இந்த ஒரு சொல்லால்தான்.

அப்படியானால் மாட்டிக்கொள்பவர் யார்? மூன்று வகையினர்.

முதல் வகை, அந்த 13-ஐப் போல் தனி ஆணை உள்ள பகுதியில் இருப்பவர்கள். பொது அனுமதி ஆணையின் நான்காம் பிரிவைப் பயன்படுத்திக் கவுன்சில் ஒரு தெருவுக்கோ பகுதிக்கோ பொது அனுமதியைத் திரும்பப் பெறலாம். பெரும்பாலும் தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும்தான் இது பொருந்தும். முன்கதவு, சன்னல், கூரை ஓடு, மதில் ஆகியவை கட்டுக்குள் வரும். கொல்லைக் கதவு தப்பிவிடும். தெற்கு லண்டன் டூட்டிங்கில் தமிழர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே டாட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் என்ற குடியிருப்பு, லண்டன் மாவட்ட மன்றம் 1901-க்கும் 1911-க்கும் இடையே தொழிலாளர்களுக்காகக் கட்டிய சுமார் 1,200 வீடுகள், ஒரு காப்புப் பகுதி. அப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்கியவர் கவுன்சில் இணையதளத்தில் தன் அஞ்சல் குறியீட்டைத் தட்டி, தெருவுக்கு நான்காம் பிரிவு ஆணை உண்டா என்று பார்க்க வேண்டும். செலவு 0 பவுண்டு, நேரம் பத்து நிமிடம். இந்தப் பேரேட்டில் இதைவிட மலிவான பதிவு இல்லை. இதைத் தவிர்த்தவர்கள்தான் பின்னால் ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள்.

இரண்டாம் வகை ஃபிளாட்காரர்கள். பொது அனுமதி ‘வீட்டு’க்குத்தான், ஃபிளாட்டுக்குக் கிடையாது. ஒரு விக்டோரிய வீட்டை மேலும் கீழுமாக இரண்டாக்கி விற்றிருந்தால், வெளியிலிருந்து அது அடுத்த வீட்டைப் போலவே தெரியும். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு ஃபிளாட். வெளித்தோற்றம் மாறும்படி கதவை மாற்றினால், காப்புப் பகுதியோ இல்லையோ, நான்காம் பிரிவு ஆணை இருக்கிறதோ இல்லையோ, அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பிக்காமல் மாற்றினாரே என்று பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம் இந்த வகையில்தான்.

மூன்றாம் வகை, மரபுச் சிறப்புக்காக அரசு பட்டியலிட்ட கட்டடங்கள். இங்கிலாந்துப் பட்டியலில் ஏறக்குறைய 4 லட்சம் பதிவுகள். இங்கே கணக்கு தலைகீழ்: விண்ணப்பக் கட்டணம் 0, ஆனால் ஒப்புதல் இல்லாமல் கட்டடத்தின் இயல்பைத் தொட்டால் குற்றவியல் வழக்கு, 2 ஆண்டு வரை சிறை, வரம்பில்லாத அபராதம். திட்ட அனுமதிச் சட்டங்களில் சிறை என்ற சொல் அபூர்வம். பழைய கதவுக்காக அது வருகிறது.

நூற்றுக்கு மற்ற 87 பகுதிகளில் கவுன்சில்கள் ஏன் நான்காம் பிரிவை எடுக்கவில்லை? ஆணை போட்ட 12 மாதத்துக்குள் ஒருவர் விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் அவர் நஷ்டஈடு கேட்கலாம். 12 மாதம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்தால் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பலாம். அது போக, ஆணை போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கோப்பு, ஓர் அலுவலர், ஒரு தள ஆய்வு. பணமும் ஆளும் குறைந்த கவுன்சில், தெருவைக் காக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது எனக்கு வியப்பாக இல்லை.

கட்டணப் பதிவுக்கு வருவோம். நான்காம் பிரிவு ஆணையால் மட்டுமே விண்ணப்பிக்க நேர்ந்தவரிடம் 2018 ஜனவரி 16 வரை கட்டணம் வாங்கவில்லை. மறுநாள் முதல் 206 பவுண்டு. 2023 டிசம்பர் 6 முதல் 258. 2025 ஏப்ரல் 1 முதல் 528. ஏழு ஆண்டில் பூஜ்யத்திலிருந்து 528. அந்த 2025 ஏற்றம் மட்டும் இரு மடங்குக்கும் மேல். இதற்குமேல் ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஏற வழி செய்திருக்கிறார்கள். ஆகவே கட்டும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இங்கே 528-ஐயே வைத்துக் கணக்குப் போடுகிறேன். முன்பு மறுக்கப்பட்டால் 12 மாதத்துக்குள் ஒருமுறை இலவசமாகத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அந்தச் சலுகையும் 2023 டிசம்பர் 6-ல் போனது. வீட்டுக்காரர் கேட்காமலே அவர் உரிமையை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பக் கேட்பதற்கு அவரிடமே பணம் வாங்குவது எனக்கு உறுத்துகிறது. கட்டணம் வாங்காத பழைய முறைதான் நியாயமானது.

நாட்கணக்கு: முடிவு சொல்ல 8 வாரம் கெடு, அதற்குள் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல 21 நாள், மறுத்தால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. அனுமதி கிடைத்தால் 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு போகும் வரைபடங்களின் அளவுகோலைப் பார்த்தால் கவுன்சில் எதைக் கேட்கிறது என்பது விளங்கும். இடத்தைக் காட்டும் வரைபடம் 1:1250. அதில் 838 மில்லிமீட்டர் அகலக் கதவு முக்கால் மில்லிமீட்டர்கூட இராது, பென்சில் கோட்டின் கனம்தான். முகப்பு வரைபடம் பெரும்பாலும் 1:50. கதவு 17 மில்லிமீட்டர். பல கவுன்சில்கள் கூடுதலாகக் கேட்கும் வெட்டுத்தோற்றமோ 1:5. அங்கே 44 மில்லிமீட்டர் கனமுள்ள கதவு 9 மில்லிமீட்டர் பட்டையாக நிற்கிறது. கதவுச் சட்டத்தின் விளிம்பில் தச்சர் இழைத்த வளைவும், பலகை எவ்வளவு உள்ளே பதிந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. மரபுக் காப்பு அலுவலரின் கண் போவது அங்கேதான். பல பொருள்களை அடுக்கிச் செய்த கம்போசிட் கதவின் பலகைகள் அச்சில் அழுத்தியவை. ஆழம் குறைவு, ஓரங்கள் மழுங்கல். யூபிவிசி என்றால் நிலைச்சட்டமே தடிமன். பழைய மர நிலை இருந்த இடத்தில் இரு பக்கமும் அறுபது எழுபது மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்தால் கதவு சுருங்கும். பல வீடுகளில் மேலே இருந்த கண்ணாடியும், அதில் தங்க எழுத்தில் எழுதியிருந்த வீட்டு எண்ணும் அந்த வேலையோடு குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கின்றன.

இப்போது கதவையே அளப்போம். பிரிட்டனில் கடையில் கிடைக்கும் முன்கதவுக்குப் பழகிய அளவு 1981-க்கு 838 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் ஆறரை அடிக்கு இரண்டே முக்கால் அடி. பரப்பு 1.66 சதுர மீட்டர். சுற்றளவு 5.64 மீட்டர். இந்த இரண்டு எண்களில் எதற்குப் பணம் செலவழிக்கிறோம் என்பதில்தான் பலர் கணக்கு தப்புகிறது.

விற்பனையாளர் பரப்பைப் பேசுவார். பழைய முழுமரக் கதவின் வெப்பக் கசிவு எண், அரசின் மதிப்பீட்டு முறையில் 3.0. புதிதாகப் போடும் கதவுக்குக் கட்டிட விதிகள் கேட்பது 1.4. வித்தியாசம் 1.6, அதைப் பரப்பால் பெருக்கினால் ஒரு பாகைக்கு 2.66 வாட். லண்டன் குளிரை ஆண்டுக்கு 2,000 பாகை-நாள் (குளிரின் பாகையை நாட்களால் பெருக்கிய அளவு) என்று வைத்துக்கொண்டால் சேமிப்பு 128 யூனிட். பாய்லர் நூற்றுக்கு 90 திறனில் ஓடுகிறது, எரிவாயு யூனிட்டுக்கு 6.3 பென்ஸ் என்று கொண்டால், ஆண்டுக்கு 9 பவுண்டு. பொருத்துக்கூலி சேர்த்து 1,500 பவுண்டு, 20 சதவீத வாட் வரியோடு 1,800 பவுண்டுக்குக் கம்போசிட் கதவு போட்டவர், எரிவாயுச் சேமிப்பில் அந்தப் பணத்தை எடுக்க 200 ஆண்டு ஆகும்.

சுற்றளவை யாரும் பேசுவதில்லை. நூறாண்டுக் கதவில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விழுவது சாதாரணம். 5.64 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 169 சதுர சென்டிமீட்டர். கதவின் நடுவில் பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர் வைத்து ஒரு சதுர ஓட்டை போட்டதற்குச் சமம். அதன் வழியே மணிக்கு வெறும் 10 கன மீட்டர் குளிர்காற்று புகுந்தாலே ஒரு பாகைக்கு 3.3 வாட் போய்விடும். கதவுப் பலகையை மாற்றிச் சேமிப்பதைவிட அதிகம். காற்றுத் தடுப்புப் பட்டையை நாமே ஒட்டினால் இருபது முப்பது பவுண்டுக்குள் வேலை முடியும். ஆள் வைத்துச் செய்தால் 2027 மார்ச் 31 வரை அதற்கு வாட் வரி பூஜ்யம்; புதுக் கதவுக்கோ முழு 20 சதவீதம். அனுமதியும் வேண்டாம். கதவோரத்தில் குளிர் அடிக்கிறது என்பதற்காகக் கதவையே மாற்றுபவர், பட்டையை ஒருமுறை ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வெப்பக் கசிவு 1.4-க்கு மேல் இருந்தால் விதி மீறலாயிற்றே என்று ஒரு கேள்வி வரும். காப்புப் பகுதியிலும் பட்டியலிட்ட கட்டடத்திலும் கட்டிட விதிகளே விட்டுக்கொடுக்கின்றன: கட்டடத்தின் தோற்றத்தையும் இயல்பையும் ஏற்க முடியாத அளவுக்கு மாற்றாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தால் போதும். கதவில் கண்ணாடி வைத்தால் தரையிலிருந்து 1,500 மில்லிமீட்டர் உயரம் வரை பாதுகாப்புக் கண்ணாடி. இதில் விட்டுக்கொடுப்பை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கணக்கு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்காம் பிரிவு ஆணை உள்ள தெருவில் 1905-ல் கட்டிய, பட்டியலில் இல்லாத தனி வீடு. அடிப்பலகை உளுத்த மரக்கதவு. விலைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், தச்சருக்குத் தச்சர் மாறும்.

பழுதுபார்த்தல்: தச்சுக்கூலி, மரம், கீல், பட்டை எல்லாம் 400, வாட் 80. மொத்தம் 480 பவுண்டு. அனுமதி தேவையில்லை.

அனுமதி வாங்கி, வடிவத்தில் சில மாற்றங்களோடு புது மரக்கதவு: கதவும் பொருத்தலும் 2,500, வாட் 500, வரைபடம் 400, கட்டணம் 528. மொத்தம் 3,928.

கேட்காமல் கம்போசிட் போட்டு, புகார் போய், பின்னர் விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, கழற்றிவிட்டு, முறையாக அனுமதி வாங்கி மரக்கதவு: 1,800, 528, பிறகு மேலே சொன்ன 3,928. மொத்தம் 6,256.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் 2,328 பவுண்டு. மூன்றாவது வழியில் போனவர் அமலாக்க நோட்டீசுக்கு எதிராக, கதவுக்கு அனுமதி தரவேண்டும் என்றே வாதாட நினைத்தால் இரு மடங்குக் கட்டணம், 1,056. ஏற்கெனவே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்குப் பல வேளைகளில் அந்த வாதமே மூடப்பட்டிருக்கும். நோட்டீசை மதிக்காமல் விட்டால் நீதிமன்றம், வரம்பில்லாத அபராதம். இத்தனைக்கும் காரணம் வரிசை மாறியதுதான்.

நான்காவதாக ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாத வேலை, சட்டத்தின்படி ‘கட்டுமான வளர்ச்சி’யே அல்ல. பழைய கதவை அங்குலம் பிசகாமல் மரத்தில் நகலெடுத்தால், நான்காம் பிரிவு ஆணை உள்ள தெருவிலும் விண்ணப்பத்துக்கு அவசியமில்லை. செலவு 3,000-த்தோடு நின்றுவிடும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேள்வி கேட்பாரே என்று அஞ்சுபவர், சட்டப்படி சரி என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்; கட்டணம் பாதி, 264. பட்டியலிட்ட கட்டடத்துக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழியை நம்பாதீர்கள். அங்கே பழைய கதவே சரித்திரம். நகல் எவ்வளவு அச்சாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட வேண்டும்.

வண்ணத்துக்கு ஒரு சின்னப் பதிவு. 1.66 சதுர மீட்டருக்கு மூன்று பூச்சு அடித்தால் 5 சதுர மீட்டர். அரை லிட்டர் பெயின்ட் போதும். சாதாரண வீட்டில், காப்புப் பகுதியானாலும், நான்காம் பிரிவு ஆணை பெயின்ட்டையும் தொடாதவரை எந்த நிறமும் அடிக்கலாம். பட்டியலிட்ட கட்டடத்தில் கதை வேறு. பாத் நகரின் ராயல் கிரசென்ட் வளைவில் 22-ஆம் எண் வீட்டுக்காரப் பெண்மணி 1970-களின் தொடக்கத்தில் கதவுக்கு மஞ்சள் அடித்தார். வெள்ளைக்கு மாற்றச் சொல்லி நகர மன்றம் உத்தரவிட்டது. விவகாரம் அமைச்சர் மேசை வரை போய், கதவு மஞ்சளாகவே நின்றது. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு என்றாலும், எடின்பரோவின் டிரம்மண்ட் பிளேசில் 2022-ல் இளஞ்சிவப்புக் கதவுக்கு நோட்டீஸ் வந்தது, 20,000 பவுண்டு வரை அபராதம் என்ற பேச்சோடு செய்தியானது. பிறகு அங்கே பச்சை அடித்தார்கள்.

இவ்வளவு தொல்லைக்கு வரவுப் பக்கத்தில் ஏதாவது உண்டா? லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 1995-க்கும் 2010-க்கும் இடையே நடந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு விற்பனைகளை அலசி 2012-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். காப்புப் பகுதி வீடுகள் சராசரியாக 23 சதவீதம் கூடுதல் விலைக்குப் போயின. வீட்டின் அளவு, இருப்பிடம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபின் மிஞ்சியது சுமார் 9 சதவீதம். 5 லட்சம் பவுண்டு வீட்டில் 9 சதவீதம் 45,000. இதைக் கதவின் கணக்கில் எழுதக் கூடாது. தெருவின் ஒற்றுமைக்குக் கிடைக்கும் விலை அது. ஒருவர் வீட்டில் பிளாஸ்டிக் கதவு வந்தால் அவருக்கு ஒன்றும் குறையாது, தெருவே மாறினால் எல்லோருக்கும் குறையும். 83 என்ற எண் இப்படித்தான் உருவாகியிருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ கதவை அகலப்படுத்துபவர்களுக்குத் தனிக் குறிப்பு. புது வீடுகளின் நுழைவாயிலுக்குக் கட்டிட விதிகள் கேட்கும் திறப்பு 775 மில்லிமீட்டர். 838 கதவு அதைத் தரும். பழைய வீடுகளில் நிறைய இருக்கும் 762 கதவு தராது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் வீட்டுக்குள் போய்வரவும் பாதுகாப்பாக வாழவும் செய்யும் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு விண்ணப்பம் தேவைப்பட்டாலும் கட்டணம் வேண்டாம். 528-ஐக் கட்டிவிட்டு, பிறகு தெரிந்து திரும்பக் கேட்டு அலைவதைவிட, படிவத்திலேயே விலக்குக் கேட்டுவிடலாம்.

கடைசியாகக் காலக்கெடு. அனுமதியில்லாமல் மாட்டிய கதவின் மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முன்பு 4 ஆண்டுதான் அவகாசம். 2024 ஏப்ரல் 25 முதல் அது 10 ஆண்டு. வேலை அந்தத் தேதிக்கு முன்பே ஏறக்குறைய முடிந்திருந்தால் பழைய 4 ஆண்டுக் கணக்கே செல்லும்: ஏப்ரல் 24 அன்று மாட்டி முடித்த கதவு 2028 ஏப்ரலில் தப்பிவிடும், மறுநாள் மாட்டியது 2034 வரை காத்திருக்க வேண்டும். தேதியை நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில். ஆகையால் கதவு போட்டவரின் பில், பணம் கட்டிய வங்கிக் கணக்கு, வேலை முடிந்த அன்று எடுத்த படம் மூன்றையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பட்டியலிட்ட கட்டடமாக இருந்தால் அந்தக் காகிதங்கள் காப்பாற்றாது. அங்கே கெடுவே கிடையாது. முன்னால் இருந்தவர் மாட்டிய கதவுக்கும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். எனவே வீடு வாங்கும் முன்பே, கதவு எந்த ஆண்டு மாறியது என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.